ஊருணி திருப்பிச் சொல்லும் சொல்

திருச்சுழி ஈசன் திருவடியை முன்னிட்டு, மகனுக்கு அம்மா எழுதுவது. கோவையில் நீயும் மருமகளும் பேத்தியும் நலமாயிருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் விளக்கின் முன் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்பதைத் தவிர வேறெதுவும் செய்யாத தாய் என்று உன் மனம் சொல்வது எனக்குத் தெரியும். அந்தக் குறைக்கும் இந்தக் கடிதத்திலேயே விடை இருக்கிறது. ஆனால் அது நீ கேட்ட கேள்வியின் வழியாகத்தான் வரவேண்டியிருக்கிறது. ஆகவே பொறுத்துப் படி.

சென்ற வாரம் கைப்பேசியில் உன் குரலைப் பதிந்து அனுப்பியிருந்தாய். "அம்மா, பாப்பாவுக்கு மல்லல்னு பேரு வைக்கலாம்னு இருக்கோம். நெட்டுல ஒரு லிஸ்ட்டுல பாத்தோம், வளம்னு போட்ருக்கு. சரியான்னு நீதான் சொல்லணும். பங்குனியில பேரு பதியணும்." பிறகு, "நீ வரலேன்னாலும் பரவால்ல. அர்த்தத்தையாவது சொல்லு" என்று முடித்திருந்தாய். அந்தக் கடைசி வரி எனக்கு வலித்தது. ஆனால் என்னை நாற்காலியில் உட்கார வைத்தது நீ சொன்ன பெயர். உலகில் உள்ள இத்தனை சொற்களில் உன் கைக்கு ஏன் அந்தச் சொல் வந்து சேர்ந்தது என்று நினைத்தபோது உச்சிவெயிலில் எனக்குக் குளிர் எடுத்தது.

முதலில் பொருள். மல்லல் என்பது வளத்தைக் குறிக்கும் பழஞ்சொல். உன் பட்டியல் பொய் சொல்லவில்லை. உரையெழுதிய பெரியோர் அதனை வளம் என்ற ஒரே சொல்லால் விளக்கிவிட்டு மேலே நடந்துவிடுவார்கள். வாழ்நாளெல்லாம் பழம்பாடல்களோடும் பதிகங்களோடும் பழகிய எனக்கு அத்தனை எளிதில் அதைக் கடந்துபோக இயலவில்லை. நிறைவு என்றால் பாத்திரத்துக்கு ஒரு விளிம்பு உண்டு. விளிம்பைத் தொட்டபின் அதில் இடமில்லை. செழிப்பு என்றால் கண்ணுக்குத் தெரியும் பசுமை. மிகுதி என்றால் தேவைக்கு மேல் கிடப்பது, அதில் கொஞ்சம் வீணும் கலந்திருக்கும். மல்லல் இம்மூன்றையும் தாண்டியது. எடுத்த இடத்தில் மீண்டும் சுரப்பதும், கொடுத்த கை மறுபடியும் கொடுக்க நிற்பதுமான வளம் அது. மல்லல் நிலம், மல்லல் மனை என்று மற்றொரு பெயருக்கு முன் அடையாக நின்று வருவதே அதன் இயல்பு. தனியே நின்று பழகாத சொல், பின்னால் வருவதன் கையைப் பற்றிக்கொண்டே நடக்கும். அதைத் தனியே நிறுத்தி, வேறெதுவும் சேர்க்காமல், உரக்கக் கூப்பிடும் இடம் நான் அறிந்தவரை ஒன்றே ஒன்று. அது நம் ஊருணிக் கரை. நீ நின்ற இடந்தான். நீ மறந்துவிட்ட இடமும் அதுதான்.

மருமகள் நம் வீட்டுக்கு வந்த புதிதில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். அவள் அருப்புக்கோட்டைக் கடைவீதிக்குப் புறப்பட்டாள். "அத்தை, உப்பு வேணுங்களா?" என்று வாசலில் நின்று கேட்டாள். "உப்பு நெறஞ்சிருக்கும்மா" என்றேன். கேட்டவை கேளாதவை எல்லாம் வாங்கிவந்தவள் உப்பை மட்டும் வாங்கவில்லை. ஏனம்மா என்றால், "நீங்கதானே அத்தை நிறைஞ்சிருக்குன்னு சொன்னீங்க!" என்று கண் கலங்க நின்றாள். உள்ளேயிருந்து உன் அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். "நம்ம காட்டுல நெறஞ்சிருக்குன்னா டப்பா காலின்னு அர்த்தம் தாயி. இல்லேன்னு வாயால சொன்னா, மேல போற தேவதை அப்படியே ஆகட்டும்னு சொல்லிட்டுப் போயிரும். அதனால ஒண்ணுமில்லாததையும் நெறச்சே சொல்லிப் பழகிட்டோம்." நீ விடவில்லை. "அப்ப நெசமாவே நெறஞ்சா என்னப்பா சொல்லுவீக?" என்று கேட்டாய். உன் அப்பாவின் சிரிப்பு அங்கேயே நின்றது. அவர் உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். பிறகு, "சோறு வையி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். நீ அன்று கேட்டதற்கு விடை இதுதான் மகனே. உண்மையாகவே நிறைந்தால் நாம் எதுவும் சொல்வதில்லை.

களத்தில் குதிரைவாலி குவிந்தால் அதன்மேல் துணியைப் போர்த்திய பிறகுதான் நம்மவர்கள் வாய் திறப்பார்கள். மல்லிக்காடு நன்றாக விளைந்திருந்தால் அதைப் பார்த்துக்கொண்டே வேறெதையாவது பேசுவார்கள். வானம் பார்த்த பூமியில் வளம் என்பது எப்போதாவது வரும் விருந்தாளி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தன்னை வேறு யாரோ என்று எண்ணித் திரும்பிப் போய்விடும் என்று அஞ்சினார்கள் போலும். ஊருணிக்கு இந்த மௌனம் இன்னும் கடுமை. ஆண்டுக்கணக்கில் வெடித்துக் கிடந்து, என்றோ ஒரு கார்த்திகையில் வரத்துக்கால் உடைந்தோடி அது நிரம்பினால், ஊர் முழுவதும் கரைக்கு ஏறிவந்து பார்க்கும். கை கூப்பும். ஒருவரோடொருவர் ஒரு சொல்லும் பேசாமல் இறங்கிப் போகும். மறுநாள் உச்சிப்பொழுதில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்க, ஒரே ஒரு பெண் மட்டும் குடத்தோடு படித்துறையில் இறங்கி, தண்ணீரைப் பார்த்து, மல்லல் என்று ஒருமுறை உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுக் குடத்தை முக்கி எடுத்துத் திரும்ப வேண்டும். அதன்பிறகே ஊர் அந்தத் தண்ணீரைத் தொடும். அப்படிச் சொல்லும் உரிமை நம் வீட்டுப் பெண்களுக்கு மட்டுமே உரியது என்று நம் வீட்டார் சொல்லிவந்தார்கள். ஊரும் கேட்டுக்கொண்டிருந்தது. ஏன் இரவிலோ அதிகாலையிலோ வைக்காமல் உச்சிப்பொழுதில் வைத்தார்கள் என்று நான் யோசித்ததுண்டு. அந்த நேரத்தில் நம் காட்டில் காக்கைகூடக் கத்துவதில்லை. நிழல் காலுக்கடியில் ஒடுங்கிக்கொள்கிறது. கூப்பிட்டால் கேட்பதற்குத் தடையாக எதுவும் இல்லாத வேளை அது.

எனக்கு முன் அதைச் சொன்னவர் உன் பெரியத்தை, அப்பாவின் அக்கா. இளம் வயதில் கணவரை இழந்து நம் வீட்டோடு இருந்தவர். உன்னைச் சோற்றுக்குக் கூப்பிடும் குரலை நீ மறந்திருக்க மாட்டாய். இளைப்பு நோய் அவருக்கு. எந்தச் சொல்லையும் பாதியில் நிறுத்தி, மூச்சை இழுத்து, மீதியைச் சொல்வார். அவர் இறந்தபின் ஊருணி சில ஆண்டுகள் வறண்டே கிடந்தது. நீ ஆறாம் வகுப்பில் இருந்த ஆண்டு நிரம்பியது. உரிமை என்னிடம் வந்தது. நான் படித்துறையில் இறங்க, நீ கரைக்குக் கீழே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். குடத்தை ஏற்றிக்கொண்டு போக வேறு ஆளில்லாததால் உன்னை அழைத்து வந்திருந்தேன். சொன்னேன். தண்ணீர் அசையாமல் இருந்தது. குனிந்து குடத்தை முக்கினேன். குடம் நிரம்பி, நான் நிமிர்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்த பிறகு, தண்ணீரின் நடுவிலிருந்து அந்தச் சொல் திரும்பி வந்தது. எதிரொலிக்கு அவசரம் உண்டு. சொன்ன வாய் மூடுவதற்குள் வந்துவிடும். இதற்கு அவசரமே இல்லை. பாதிச் சொல் வந்தது. நின்றது. பிறகு மீதி வந்தது.

நான் கரையேறியபோது உன் முகம் வெளுத்திருந்தது. "யாரும்மா பதில் சொன்னது?" என்றாய். "யாருமில்லய்யா. கல்லுல பட்டுத் திரும்புது" என்றேன். நீ என்னை நம்பவில்லை. "கல்லு மூச்சு வாங்குமாம்மா?" என்றாய். வீடு வரும்வரை நீ சைக்கிளை ஏறி மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தாய். அந்தக் குடத்துத் தண்ணீரில் வைத்த சோற்றை நீ தொடவில்லை. உன் அப்பா, "எதிரொலிடா, அறிவியல் பாடத்துல வரும்ல" என்று உன் தட்டை உன் பக்கமாக நகர்த்தினார். அவர் தட்டிலும் சோறு அப்படியே இருந்ததை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அன்று என் மனத்தில் ஒரு முடிவு விழுந்தது. கூப்பிட்டால் பதில் சொல்வது இறந்தவர்கள் என்று எனக்கு நானே தீர்த்துக்கொண்டேன்.

நீ கல்லூரியில் இருந்தபோது இன்னொருமுறை நிரம்பியது. போனேன், சொன்னேன், காத்து நின்றேன். இம்முறை வந்தது என் குரலேதான். தாமதித்துத்தான் வந்தது, ஆயினும் என்னுடையது. அப்பாடா, எதிரொலிதான் என்று மனம் ஆறியது. முன்பு கேட்டது துக்கம் விளைத்த மயக்கம் என்று எண்ணி, அதை உன்னிடம் சொல்லவும் நினைத்தேன். பிறகு வேலை, உன் திருமணம், உன் அப்பாவின் மறைவு என்று நாட்கள் போயின. ஊருணியும் காய்ந்தது. அதன் வயிற்றில் சீமைக்கருவேலம் முளைத்தது. மரங்களை இயந்திரம் வைத்துப் பிடுங்கினார்கள். மறுபடியும் முளைத்தது.

இந்தக் கார்த்திகையில் பெய்தது மழையா, வானம் தன் கடனைத் தீர்த்துக்கொண்டதா என்று சொல்லத் தெரியவில்லை. ஊருணி படித்துறையின் மேற்படிவரை வந்து நின்றது. ஊர் பழையபடி ஏறிவந்து கை கூப்பி வாய்மூடி இறங்கியது. ஓர் இளவட்டம் மட்டும் கைப்பேசியில் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். அவன் தாய் தெருவில் வைத்தே பிடித்துக்கொண்டாள். "ஏலே, மொதல்ல அத அழிடா. கண்ணு பட்ரும்!" "நான் ஒண்ணுமே எழுதலயேம்மா, வெறும் படந்தான?" "படம் மட்டும் பேசாதாக்கும்? அழிடாங்கிறேன்!" தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு மறுநாள் காலைவரைதான் இருந்தது.

மறுநாள் காலையில் நீ அழைத்தாய். நாளுக்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டது, பெண், எடை மிகக் குறைவு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், மருத்துவர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை என்றாய். உன் குரல் உடைந்திருந்தது. "அடுத்த பஸ்ஸுக்கு வாரேன்யா" என்றேன். உண்மையாகவே பையை எடுத்து வைத்தேன். உச்சிப்பொழுதின் கடமையை முடித்துவிட்டு மதுரை போய்க் கோவை வண்டி ஏறுவது என்று திட்டம். பேத்தி உயிருக்குப் போராடும் வேளையில் வளத்தைக் கூப்பிடுவதைவிடத் தக்க வேண்டுதல் என்ன இருக்கிறது என்றும் நினைத்தேன். குடத்தோடு இறங்கினேன். தெருக்கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. வெயில் தண்ணீர்மேல் வெள்ளைத் தகடு போலக் கிடந்தது. மல்லல் என்றேன். என் வாழ்நாளில் எந்தச் சொல்லையும் அவ்வளவு உயிர் வைத்துச் சொன்னதில்லை. குடத்தை முக்கினேன். நிமிர்ந்தேன். காத்தேன். வந்தது. பெரியத்தையின் குரலாகவும் இல்லை, என் குரலாகவும் இல்லை. ஒரு குழந்தையின் குரல். பெண்குழந்தை. மெல்லிய, தெளிந்த, சிறிது நடுக்கம் கலந்த குரல். எனக்குத் தெரியாத குழந்தை.

குடம் என் கையில் இருந்து நழுவிப் படியில் உருண்டது. ஊருணியின் நடுவே ஒரு வளையம் விரிந்து, என் கால்விரல்வரை வந்து, நின்றது. காற்று இல்லை. தவளை இல்லை. பதில் சொல்பவர்கள் இறந்தவர்கள் என்று தீர்த்துவைத்திருந்தவள் நான். இறந்த குழந்தை எது என்று என் மனம் கேட்கும் முன்பே விடை நெஞ்சுக்குள் வந்து அமர்ந்துவிட்டது. வீட்டுக்கு ஓடினேன். கைப்பேசி சும்மா கிடந்தது. உன்னை அழைக்க என் விரல் துணியவில்லை. மாலையில் நீயே அழைத்தாய். குழந்தை மூச்சு விடுகிறது என்றாய். நான் அழுதேன். நீ அதை மகிழ்ச்சி என்று எண்ணினாய். ஆனால் அதன்பிறகுதான் எனக்குத் துன்பம் தொடங்கியது. அழைத்தவள் நான். குரல் எனக்குத்தான் பதில் சொன்னது. நான் கோவைக்கு வந்தால், அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றால், என் பின்னோடு அதுவும் வரும் என்று நம்பினேன். எனக்கும் என் பேத்திக்கும் இடையே எத்தனை ஊர்கள் இருக்கின்றனவோ அத்தனையும் அவளுக்குக் காப்பு என்று எண்ணினேன். படித்தவள்தானே என்று கேட்பாய். படிப்பு அந்தக் குரலைக் கேட்கவில்லை மகனே. நான் கேட்டேன்.

நீ தினமும் அழைத்தாய். "எப்பம்மா வாரே?" என்றாய். "வாரேன்யா, வாரேன்" என்றேன். ஒருநாள் பொறுமை இழந்து, "மத்தவுக பேத்தின்னா அந்நேரமே ஓடியிருப்பியே" என்றாய். மருமகளின் தாயார் மருத்துவமனையின் தரையில் படுத்துக் கிடக்கிறார்கள் என்றும் சொன்னாய். நான் பூசையறையில் அமர்ந்து, நாவாரப் பாடிய பதிகங்களையெல்லாம் வாய்விட்டுச் சொல்லாமல் மனத்துக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். என் குரல் எங்கும் போய் எதையும் அழைத்துவிடக் கூடாதென்று வாயைக் கட்டினேன். உனக்குச் சொன்ன ஒன்றிரண்டு சொற்களைத் தவிர, பால்காரரிடமும் சைகைதான். தைப் பொங்கலுக்கு முன்னால் குழந்தை வீடு வந்தாள். கன்னம் பிடித்திருக்கிறது என்று படம் அனுப்பினாய். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவும் எனக்கு அச்சம். பார்த்து மகிழ்ந்தால் கேட்டுக்கொண்டிருப்பது அறிந்துவிடும்.

இப்போது கேள். ஞாயிறுதோறும் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்யுள் ஒப்பிக்கக் கற்றுத் தருகிறேன் என்பது உனக்குத் தெரியும். வாயைக் கட்டியதோடு நின்றுபோயிருந்த வகுப்பை, குழந்தை வீடு வந்த துணிவில், தை பிறந்தபின் மறுபடி தொடங்கினேன். கார்த்திகைக்குப்பின் என் கண்ணில் படாத ஒரு சிறுமி அன்று வந்து பின்வரிசையில் தூணோடு ஒட்டி உட்கார்ந்தாள். கிழக்கே காலனியில் இருந்து வரும் பிள்ளை. நான்காம் வகுப்பு. அவள் பெயரை இங்கே எழுதவில்லை. முன்பெல்லாம் கூட்டத்தோடு மட்டுமே ஒப்பித்தவள், அன்று முறை வந்தபோது தனியே எழுந்து பாடலைப் படித்தாள். முதல் வரி முடிவதற்குள் என் கையிலிருந்த புத்தகம் கீழே விழுந்தது. தண்ணீருக்கு மேலே நான் கேட்ட அதே குரல். அதே தெளிவு, சொல்லின் கடைசியில் அதே சிறு நடுக்கம். உயிரோடு, எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி, என் முன் நிற்கிறது.

மற்ற பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவளை மட்டும் நிறுத்தினேன். விழுந்த புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவளே உதடு பிதுங்க ஆரம்பித்தாள். "அடிக்காதீக டீச்சர்."

"நான் ஏந்தாயி அடிக்கப் போறேன்?"

"நீங்கதான சொன்னீக, மல்லல்னா வளம், ஊருணி பெருகுனா அதைச் சொல்லுவோம், நம்ம ஊருல வேற யாரும் சொல்லக் கூடாதுன்னு."

"ஆமா, சொன்னேன்."

"சொல்லக் கூடாதுன்னு சொன்னீகல்ல. அதான் சொல்லிப் பாத்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எப்போது என்றேன். மழை லீவு விட்டிருந்த அன்று காலையில், ஊர் பார்த்துவிட்டுப் போன மறுநாள், தாய் மில் வேனுக்குப் போனதும், தனியாகக் கரையேறியிருக்கிறாள். அவர்கள் தெருப் பெண்கள் அந்தக் கரையில் ஏறியதில்லை. முன்பு ஏற விடவில்லை, இப்போது யாரும் தடுப்பதில்லை, ஆனாலும் ஏறுவதில்லை. இவள் ஏறிப் படித்துறையில் இறங்கி, தண்ணீரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

"அப்புறம் என்னாச்சு?"

"கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல டீச்சர். ஒரு கல்லெடுத்துப் போடலாம்னு குனிஞ்சேன். அப்ப நீங்க பதிலுக்குச் சொன்னீக."

"நானா?"

"உங்க கொரலுதான். வகுப்புல சொல்லுவீகல்ல, அழுத்தி, அதே மாதிரி. நீங்க கரைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கீக, என்னையப் பிடிக்க வந்துட்டீகன்னு நெனச்சு வீட்டுக்கு ஓடியாந்துட்டேன். காச்ச வந்துருச்சு. அதுல இருந்து உங்க கண்ணுலயே படல. கோவமா டீச்சர்?"

அந்தக் காலையில் நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத்தான் தெரியும் மகனே. வீட்டுக்குள், கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, உன் மகள் பிறந்த செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊருணிக்கரைக்கு அப்பால் ஒளிந்திருக்கவில்லை. அந்தத் தண்ணீர் என் குரலை, நான் முன்பு கடைசியாகச் சொன்ன நாளிலிருந்து, வெடித்துக் காய்ந்த களிமண்ணுக்குள் இத்தனை ஆண்டுகள் வைத்திருந்து அந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறது. அவள் குரலை வாங்கி வைத்து அன்றே உச்சிப்பொழுதில் எனக்குக் கொடுத்திருக்கிறது. பெரியத்தைக்குப்பின் நான் சொன்னபோது பெரியத்தையின் குரல் வந்தது. எனக்குப்பின் நானே சொன்னபோது என் குரல் வந்தது. இறந்தவர் இருப்பவர் என்ற கணக்கு அதற்கில்லை. முன்பு சொன்னவளை அடுத்துச் சொல்பவளிடம் ஒப்படைக்கிறது, அவ்வளவே. ஏன், எவ்வாறு என்று என்னைக் கேளாதே. நான் இந்த ஊருணியைப் பற்றி அறிந்தது இத்தனைதான். இதை எழுதும்போதும் என் கைம்மயிர் எழுந்து நிற்கிறது. ஆனால் உன் மகளுக்காக நடுங்கிய நடுக்கம் அன்றோடு என்னை விட்டது. அவளை யாரும் அழைக்கவில்லை. அவளுக்குப் பதிலாக யாரும் பேசவில்லை.

மறுநாள் மாலையில் மில் வேன் வந்து நிற்கும் இடத்தில் காத்திருந்து அந்தத் தாயைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் பஞ்சு ஒட்டிய தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, "எம் புள்ள எதுவும் தப்புப் பண்ணிருச்சா டீச்சர்?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. "யாருட்டயும் சொல்லிறாதீக. தண்ணி வத்துனா எங்க தலையிலதான் விடியும். தண்ணி வந்த வருசத்துலயும் பங்குனியில வத்துறதுதான், ஆனா இந்த வருசம் வத்துனா காரணம் கேப்பாக." அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நம் வீட்டின் உரிமை என்று நாம் பெருமையாகச் சொல்லிவந்ததன் மறுபக்கம் அந்தத் தாயின் முகத்தில் இருந்தது. "தண்ணி எதுக்கு வத்துதுன்னு நான் ஊருக்குச் சொல்றேன். ஒம்மக சொன்னதுக்கு அது பதில் சொல்லிருக்கு. வேண்டாம்னா பதில் சொல்லாதுல்ல. நடந்தத நாலு பேரு படிக்கிற மாதிரி எழுதட்டுமா?" என்றேன். அவள் முந்தானையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்து எறிந்தாள். பிறகு, "அப்ப எழுதுறதுன்னா எழுதுங்க. எம் புள்ள பேரு மட்டும் வேணாம்" என்றாள். அவள் சம்மதத்தோடுதான் இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்காமல் மற்றவர்களும் படிக்கும்படி எழுதுகிறேன். ஒரு வீட்டுக்குள் பூட்டி வைத்த சொல்லைப் பற்றிய கடிதம், மறுபடியும் ஒரு வீட்டுக்குள் பூட்டிக்கிடப்பது முறையாகாது.

ஆகவே நீ கேட்டதற்கு என் விடை. பெயர் வை. அழகான பெயர். ஆனால் அதை உன் மகளுக்கு மட்டும் உரியதாக எண்ணி வைக்காதே. எடுத்த இடத்தில் மீண்டும் சுரப்பதுதான் மல்லல் என்று முதலில் எழுதினேன். எடுப்பவர் யார் என்று பார்த்துச் சுரப்பது மல்லல் ஆகாது. பள்ளியில் அவளிடம் யாராவது உன் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டால், வளம் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட வேண்டாம். பின்னால் இன்னொன்று வரவேண்டிய சொல் என்றும் சொல்லச் சொல். அந்த இன்னொன்றை அவள் தன் வாழ்நாளில் தேடிக்கொள்ளட்டும்.

ஊருணியில் தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது. மேற்படி காய்ந்து வெளுத்திருக்கிறது. கேட்பவர்களிடமெல்லாம் வெயிலைக் காட்டுகிறேன். அடுத்து இது எப்போது நிரம்பும் என்று எனக்குத் தெரியாது. நிரம்பும்போது நான் இருக்க மாட்டேன் என்பதை மட்டும் என் முழங்கால்கள் தினமும் சொல்கின்றன. அன்று உன் மகளைக் கூட்டிக்கொண்டு வா. காலனியில் போய் அந்தப் பெண்ணையும் அழை. அப்போது அவள் பெரியவளாகியிருப்பாள். இருவரையும் உச்சிப்பொழுதில் படித்துறையில் நிறுத்து. நீ மட்டும் பழைய இடத்தில், கரைக்குக் கீழே நில். இருவரில் யார் முதலில் சொல்வது என்பதை அவர்களே பேசி முடிவு செய்துகொள்ளட்டும். முதலில் சொல்பவளுக்குப் பதிலாக வருவது என் குரல். பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லி வை. அது மூச்சு வாங்கினாலும் பயப்பட வேண்டாம், வயதானவள் படியிறங்கி வந்திருக்கிறேன் என்று சொல். இரண்டாவதாகச் சொல்பவளுக்கு, பக்கத்தில் உயிரோடு நிற்கும் முதலாமவளின் குரல் பதிலாக வரும். அவள் திரும்பிப் பார்த்தால் போதும்.

நாளைக் காலை வண்டிக்குப் புறப்படுகிறேன். பேத்தியைக் கையில் வாங்கி அவள் பெயரை அவள் காதில் நானே சொல்ல வேண்டும். உன் வீட்டில் உப்பு நிறைந்திருந்தால் சொல், வாங்கிக்கொண்டு வருகிறேன்.

அம்மா